இரண்டாம் நம்பர் கிளாஸ்

பிப்ரவரி 11, செவ்வாய்

கடையைத் திறந்ததும் முதல் ஆளாக டிரைவிங் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். எதிரே வருகிற லாரியின் நம்பர் மங்கலாகத் தெரிகிறதாம். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷன் இதை வெளியில் சொல்லலாமா என்று கேட்டேன். அதனால்தான் கண்ணாடிக்கடைக்காரனான என்னிடம் மட்டும் சொல்கிறாராம். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ஒண்ணா ரெண்டா, எது தெளிவு என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்ல விஷயத்துக்கு வந்தார். மார்ச் எட்டு, இரண்டாவது சனிக்கிழமை. மறுபடி உட்காரலாமா?

என்ன சொல்வது? ஆறு வருஷம். மாதம் தவறாமல் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணி, நாலு பேர். அக்காவின் வீட்டுக்காரர் அதாவது என் அத்தான், பல் டாக்டர், டிரைவிங் மாஸ்டர், நான். சோளத்தில் வடிக்கிற அமெரிக்க விஸ்கியான பர்பன் மட்டும்தான். வேறு விஸ்கி எதையும் மேஜைமேல் வைக்க அத்தான் விடமாட்டார். மதுக்கடை அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் மலிவு பாட்டில் ஒன்று, நடுத்தட்டில் ஒன்று, பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள் இருக்கும் மேல்தட்டு ஒன்று. லேபிளைக் காட்டாமல் ஊற்றி, விலையை மறந்து மார்க் போட வேண்டும். யார் வீட்டில் கூடுகிறோமோ அவர்தான் கிளாஸ் கழுவி, நம்பர் ஒட்டி, அடுக்களையில் ஊற்றி எடுத்து வருவார். அவருக்கு அன்று மார்க் கிடையாது. மற்றவர்கள் போடும் மார்க்கை ஒரு நீல நோட்டில் எழுதுவார்.

வரிசைப்படி அடுத்தது அத்தான் வீடு. அக்டோபரில் வந்திருக்க வேண்டிய முறை. அந்த வாரத்திலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவர் வீட்ல வெக்க முடியாது. இந்தத் தடவையும் உங்க வீட்லயே வெச்சுக்கலாம்" என்றார் மாஸ்டர். சரி என்றேன். பவர் கால் புள்ளி கூடியிருக்கிறது அவருக்கு.

பிப்ரவரி 12, புதன்

கடைக்குப் பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்தேன், அடுப்புத் திருகை மூடினேனா என்று பார்க்க. மூடித்தான் இருந்தது. இந்த மாதம் இது நான்காவது தடவை. வீட்டில் அவள், என் மனைவி, நான் திருகைத் தொட்டுப் பார்ப்பதைப் பார்த்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களைக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஆனால் ஜன்னல் கட்டையின் ஓரத்தில் கரி இன்னும் போகவில்லை. எரிவாயு அடுப்பைத் தொடுவதே இல்லை அவள். கூடத்து மேஜையில் ஒரு கரண்ட் அடுப்பு. அதில் டீ போட்டுக் கொடுத்தாள்.

அவள் வேலை பார்க்கிற தபால் ஆபீசில் எல்லோரும் நன்றாகத்தான் நடத்துகிறார்களாம். முத்திரை குத்தும்போது மட்டும் எதையும் யோசிக்க வேண்டியதில்லையாம், அதனால் மற்றவர்கள் வேலையையும் வாங்கிச் செய்கிறாளாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவர் ஏன்டா லைட்டரை அடிச்சாரு?"

நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்றைக்கு அத்தானுக்கு வார விடுமுறை. மதியம் டீக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். ஜன்னல் காற்றில் அடுப்பு அணைந்திருக்கிறது. வாயு அரைமணி நேரம் வீடு முழுக்கப் பரவியிருக்கிறது. மாடியில் குடியிருப்பவர் படிக்கட்டிலேயே வாடை பிடித்து இறங்கி ஓடி வந்திருக்கிறார். அவர் கதவைத் தட்டுவதற்குள் அத்தான் அடுக்களைக்குப் போய் லைட்டரை அடித்துவிட்டார். மறுநாள் சாயந்திரம்வரை உயிர் இருந்தது, பேச்சு இல்லை.

விபத்து என்றுதான் எழுதினார்கள். ஆனால் தீயணைப்பு அதிகாரி அக்காவிடம் தனியாக, "அந்த வாடை தெரியாம இருக்க வாய்ப்பே இல்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புண்ணியவான்!

அதுவும் யாருக்கு? பிஸ்கட் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வாசனை பார்த்தே சம்பளம் வாங்கியவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே என்ன வேகிறது, எத்தனை நிமிஷமாக வேகிறது என்று சொல்லிவிடுவார். மாஸ்டர் அவருக்கு வைத்த பெயர் மூக்குராஜா.

"ஒரு வாரம் முன்னாடி அந்தப் பதினஞ்சு வருஷ பாட்டிலை உனக்குத் தூக்கிக் குடுத்தார்ல? உசுரா வெச்சிருந்தது. யாரு குடுப்பா அப்படி? போறவங்கதான் குடுப்பாங்க" என்றாள். பிறகு, மெதுவாக, "என்கிட்ட என்னடா குறை கண்டாரு?"

அப்படியெல்லாம் இருக்காது அக்கா, என்றேன். இந்த ஒரு வரியைத்தான் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த டைரியிலாவது.

செப்டம்பர் மாதக் கூடல் என் வீட்டில். அன்று காலை கடையில் கூட்டம், தாமதமாக வந்தேன், கிளாஸ்களை அரக்கப்பரக்கக் கழுவினேன். மூன்று பேருக்கு மூன்று மூன்று, ஒன்பது கிளாஸ். ஊற்றினேன், எடுத்துப் போனேன். ஒன்று: பச்சை லேபிள், கீழ்த்தட்டு. இரண்டு: பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்த மேல்தட்டுச் சரக்கு. மூன்று: நடுத்தட்டு, காரம் கூடினது.

டாக்டரும் மாஸ்டரும் வழக்கம்போல அடித்துக்கொண்டார்கள். மேல்தட்டு பாட்டிலில் பாதி விலை மரப்பெட்டிக்கும் வெல்வெட்டுத் துணிக்கும்தான் என்பது மாஸ்டர் கட்சி. வருஷக்கணக்காகப் பீப்பாயில் காத்திருந்ததற்கு விலை வேண்டாமா என்பது டாக்டர் கட்சி. அத்தான் இரண்டாம் நம்பரைக் கண்ணை மூடி முகர்ந்தார். ஒன்பது மார்க். "வெனிலா, எரிந்த சர்க்கரை, ஆரஞ்சுத் தோல், கடைசியில் பழைய மர அலமாரி" என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு மேஜையைத் துடைத்தேன். அத்தானுடைய இரண்டாம் நம்பர் கிளாஸில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேல்தட்டுச் சரக்காச்சே, வீணாக்குவானேன் என்று எடுத்தேன். மூக்கருகே வந்ததுமே தூக்கிவாரிப்போட்டது. சோப்பு. பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சை சோப்பு வாடை குப்பென்று அடித்தது. அந்த ஒரு கிளாஸை மட்டும் உள்ளே தேய்த்துவிட்டு அலசாமலே வைத்திருக்கிறேன். சின்னக் குழந்தைகூட முகத்தைச் சுளித்திருக்கும். அதற்கு மூக்குராஜா ஒன்பது மார்க் போட்டிருக்கிறார்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது? உண்மையை எழுது.

சந்தோஷம்.

ஆமாம், சந்தோஷம். "மாப்ள, நீ கண்ணால குடிக்கிறவன், உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று ஆறு வருஷமாக எல்லோர் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்த மனுஷன். மாட்டினீரா ஐயா என்றுதான் தோன்றியது. அடுத்து இதை எப்படிச் சொல்லிக்காட்டலாம் என்று யோசித்தேன். அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மீதி.

குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார் அத்தான். நான் கிளாஸை மூக்கில் வைத்தபடி நின்றிருந்தேன். என் மூஞ்சியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன இருந்தது அதில் என்று மட்டும் கேட்டார். சோப்பு என்றேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜூலையில் வந்த காய்ச்சலிலிருந்தாம். ஒரு வாடையும் இல்லையாம். ஆலையில் பக்கத்தில் நிற்கிற உதவியாளன் முகத்தைப் பார்த்தே சரி, சரியில்லை என்று எழுதுகிறாராம். எங்கள் கூடலில் பழைய பக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறாராம்.

"இப்போ நானும் உன்னை மாதிரி கண்ணாலதான் குடிக்கிறேன் மாப்ள."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. சிரித்தேன்.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். தெரிந்தால் மூட்டை கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், அந்தக் கேவலம் வேண்டாம் என்றார். தானாகத் திரும்பி வந்துவிடும் என்று எங்கேயோ படித்தாராம். கிளம்பும்போது படியில் நின்று, "உங்க அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே, பதறிடுவா" என்றார். சரி அத்தான் என்று தலையாட்டினேன்.

இருபது நாள் கழித்து அந்தப் பதினைந்து வருஷ பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு இது இப்போ பச்சைத் தண்ணி. ருசி தெரிஞ்சவன் நீ குடி." அக்கா நினைக்கிற பிரிவுபசாரம் இதுதான். அதற்கடுத்த வாரம் லைட்டரை அடித்தார்.

அவர் வேண்டுமென்று அடிக்கவில்லை. அடுப்பு அணைந்திருக்கிறது, திரும்பப் பற்றவைக்கப் போயிருக்கிறார். அவ்வளவே. இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவள் மாத்திரை பெயர் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் படு என்றாள்.

சொன்னால் என்ன ஆகும்? அவளுக்கு அவர் திரும்பக் கிடைப்பார். கூடவே இன்னொன்றும் தெரிந்துவிடும்: தம்பிக்குத் தெரியும், தம்பி வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டார், வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். செத்தவருக்குக் கொடுத்த வாக்கை யார் இல்லையென்பார்கள்? நல்ல வசதியான வாக்கு.

மார்ச் 2, ஞாயிறு

கிளாஸ்களை எல்லாம் எடுத்துக் கழுவினேன். ஆறு தடவை. இப்போது எங்கே திரும்பினாலும் அந்த எலுமிச்சை வாடை. கடையில் லென்ஸ் துடைக்கிற துணியில், என் சட்டைக் காலரில். வீட்டில் அவளை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். ஒரு வாடையும் இல்லையாம். அலுத்துப்போய், "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்றாள்.

மார்ச் 8, சனி

மூன்று மணிக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் கொஞ்சம் இளைத்திருக்கிறார். மாஸ்டர் புதுக் கண்ணாடியோடு வந்து, லாரி நம்பரெல்லாம் இப்போது தானாகவே கண்ணுக்குள் வந்து விழுகிறது என்றார்.

அடுக்களையில் ஊற்றி எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். இரண்டு பேருக்கு ஆறு. மேஜையில் ஒன்பது இருந்தது. மாஸ்டர் அதிகப்படியான மூன்று கிளாஸையும் அத்தான் உட்காரும் ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே நகர்த்தி வைத்தார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. மாஸ்டருக்கு இன்றும் கீழ்த்தட்டுப் பச்சை லேபிள்தான் ராஜா. சோள இனிப்பு நேராக நாக்கில் உட்காருகிறது, பாசாங்கு கிடையாது, தினமும் ஒரு மடக்குக் குடிக்கிறவனுக்கு இதற்குமேல் எதற்கு என்றார். இளசான சரக்கு, தொண்டையில் ஈரமரக் கசப்பு நிற்கிறது என்றார் டாக்டர். அவர் மேல்தட்டில் ஒரு குறிப்பிட்ட சரக்கைத் தேடி மூன்று வருஷமாக அலைகிறார். கருக்கிய பீப்பாயில் இருபது வருஷம் கிடந்தது, ஒரு சொட்டு பத்து நிமிஷம் வாயில் நிற்குமாம். பத்து நிமிஷம் வாயில் நிற்க பல்வலி போதாதா என்றார் மாஸ்டர். பல் டாக்டரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், பழையபடி.

பிறகு மாஸ்டர் நீல நோட்டை எடுத்து அத்தான் பல வருஷம் முன்பு எழுதிவைத்த பட்டியலைப் படித்தார். கீழ்த்தட்டில் பச்சை லேபிள்: "தேய்ந்த செருப்பு, காலுக்கு இதம்." நடுத்தட்டில் ரை தானியம் கலக்காமல் கோதுமை கலந்து வடித்த ஒன்று: "கோபம் வந்த நாளில் இதைக் குடிக்கக் கூடாது, கோபம் போய்விடும்." மேல்தட்டில் பதினைந்து வருஷம்: "வாங்கிவிட்டேன். திறக்க மனசு வரவில்லை. மாப்ளைக்கு ஐம்பது வயது ஆகும் அன்று திறக்கலாம்."

இது எனக்குத் தெரியாது. எனக்கு ஆகஸ்டில் ஐம்பது.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். செப்டம்பர், இரண்டாம் நம்பர், ஒன்பது மார்க், வெனிலா, எரிந்த சர்க்கரை, ஆரஞ்சுத் தோல். என் கையெழுத்து.

"பாருங்க, என்ன மூக்கு!" என்றார். "இந்த மூக்குக்கு வாயு வாடை தெரியலைன்னு யாராவது சொன்னா நான் நம்பணுமா? மனுஷன் முடிவு பண்ணிட்டுத்தான் அடிச்சிருக்கார். நாமதான் கவனிக்காம விட்டுட்டோம்."

மாஸ்டர் மேஜையை ஓங்கித் தட்டினார். கிளாஸ்கள் ஆடின. அப்படிப் பேசாதீர்கள் டாக்டர், அந்த அம்மா காதில் விழுந்தால் என்ன ஆகும் என்றார். அந்த அம்மாவுக்கே அது தெரியும் என்றார் டாக்டர். அக்காதான் அவரிடம் போய் அழுதிருக்கிறாள், அத்தான் ஏதாவது சொன்னாரா, அவருக்கு வேறு யாராவது இருந்தார்களா என்று.

வேறு யாராவது. என் அக்கா அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு வெளி ஆளிடம் போயிருக்கிறாள்.

நான் நோட்டை மூடினேன். வாயையும். இரண்டாம் தடவை.

ஜன்னலோரத்து மூன்று கிளாஸையும் கழுவுதொட்டியில் கொட்டினேன். கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

போகவில்லை.

மார்ச் 15, சனி

கடையை மதியமே மூடிவிட்டு நீல நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஆகஸ்டில் அத்தான் சொன்னது போன வருஷம் மார்ச்சில் சொன்னதேதான், காற்புள்ளிகூட மாறாமல். செப்டம்பரில் சொன்னது அதற்கு முந்தின நவம்பரில் அவரே சொன்னது. "பழைய மர அலமாரி" வரைக்கும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரே சொல்லை இரண்டாம் முறை சொன்னவரில்லை அவர். நாங்கள் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து மண்டையை ஆட்டியிருக்கிறோம்.

சரி. இதோடு முடியவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன்.

அவர் லைட்டரை அடித்ததற்கு நாலு நாள் முன்பு. எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வாடை வருது, திருகை மூடுங்க என்று உள்ளேயிருந்து அவள் கத்தினாள். மூடினேன். மூடும்போது தோன்றியது. அத்தான் வீட்டில் இப்படி ஆனால்? தோன்றியதுடா. ஒரு நொடி இல்லை, நன்றாக, முழுசாகத் தோன்றியது. போன் எடுத்தேன். எடுத்தேனே! அதற்குள் கடையிலிருந்து அழைப்பு, யாரோ கண்ணாடி உடைந்து வந்திருக்கிறாராம், கிளம்பிவிட்டேன். சாயந்திரம் பேசலாம் என்று இருந்தேன். சாயந்திரம் மறந்துவிட்டது.

வாயு கசிந்தால் கத்துகிற ஒரு கருவி கடைகளில் விற்கிறது. சுவரில் மாட்டினால் போதும். ஒரு லென்ஸ் விலைகூட இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு பெரியம்மாவுக்குப் பரிசோதனை. ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு? "ரெண்டு" என்றார். ரெண்டா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேனாம். அந்தம்மா பயந்துவிட்டார்.

மார்ச் 22, சனி

நாளைக்குப் போகிறேன். எழுதிவைக்கிறேன், மாற்ற முடியாதபடிக்கு.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டை. எதற்கு இன்னும் தேய்க்கிறாய் என்று கேட்கவில்லை நான். நோட்டை மேஜையில் வைத்து, ஒரே சொற்கள் திரும்ப வந்த நாலு பக்கத்தையும் காட்டி, சோப்பு, குடை, படியில் கொடுத்த வாக்கு, பாட்டில், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பால் பொங்கியதையும் போன் எடுத்ததையும்கூடச் சொன்னேன். அதை விட்டுவிடலாம் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். நாக்கு விடவில்லை.

அவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு என்னிடம் இல்லை, அந்தச் சட்டையிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஆகஸ்ட்ல ஒரு நாள் பால் அடிபிடிச்சுப் போச்சு. அதையே டீ போட்டுக் குடுத்தேன், சண்டை போடுவாருன்னு. நல்லா இருக்குன்னு குடிச்சாரு. சண்டை போடக்கூட மனசில்லாமப் போயிடுச்சு இவருக்குன்னு நினைச்சேன்."

சட்டைக் காலரை விரலால் நீவினாள்.

"புதுசா ஒரு சென்ட் வாங்கிப் போட்டுக்கிட்டேன். பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். தெரியவே இல்லை அவருக்கு. குளிக்கிற ரூம்ல போய் அழுதேன்டா."

அப்புறம்தான் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "அப்போ என்னை விட்டுட்டுப் போகலை" என்றாள். "டீ போடத்தான் போனாரு. விட்டுட்டுப் போகலை." பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதமாக விறைத்திருந்த அவள் தோள் கீழே இறங்கியதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் பார்ப்பாளே, அப்படி இல்லை. யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி.

"அவர் கேட்டாரு, சொல்லலை. சரி. அவர் செத்ததுக்கு அப்புறம் யாருடா கேட்டா உன்னை?"

அவளே தொடர்ந்தாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து டீ குடிச்சிட்டுப் போனியே. நான் என்னென்னவோ கேட்டேன். அவரை எப்படியெல்லாம் நினைச்சேன். நினைக்க விட்டுட்டு உட்கார்ந்திருந்தியே."

அக்கா என்றேன். போ என்றாள். கத்தவில்லை. நோட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மறுபடி தேய்ப்புப் பெட்டியைக் கையில் எடுத்தாள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 24, திங்கள்

கடைக்குப் போகும்போது பாதி வழியில் நின்றேன். திருகு நினைவு வந்தது. திரும்பவில்லை. போய்விட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

கூடல் இல்லை. ஆனால் இருவரையும் கடைக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசம் எதிர்ல உட்கார்ந்திருந்தேன். நான் டாக்டர்" என்று மட்டும் சொன்னார். மாஸ்டருக்குத்தான் கோபம். உங்களை நம்பித்தானே அய்யா அந்த மனுஷன் சொன்னார், கூடப்பிறந்தவள் உருகிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சோறு இறங்கியது என்றார். சொல்லட்டும். கிளம்பும்போது கண்ணாடியைக் கழற்றி என்னிடமே துடைக்கக் கொடுத்தார். துடைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

டாக்டர் போன். அக்கா அவரிடம் போயிருக்கிறாள். காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு இப்படி ஆகுமா என்று ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். ஆகும் என்று சொல்லியிருக்கிறார். மார்ச்சில் தான் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டாராம். அங்கிருந்து நேரே போய் மாடி வீட்டுக்காரரிடமும், தபால் ஆபீசிலும், ஆலையிலும்கூடச் சொல்லியிருக்கிறாள்: என் வீட்டுக்காரருக்கு வாடை தெரியாது, டீ போடத்தான் போனார். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்றார் டாக்டர்.

மே 4, ஞாயிறு

ஆறாவது ஞாயிறு. வீட்டில் அவள் தனியாகப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாள். நன்றாக இருக்கிறாளாம். சுவரில் அந்தக் கத்துகிற கருவியை மாட்டியிருக்கிறாளாம். எரிவாயு அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தாளாம். என்னைக் கேட்டாளா? கேட்கவில்லை.

மே 8, வியாழன்

மாஸ்டர் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா வீட்டில். அக்டோபரில் வரவேண்டிய அவர் முறை பாக்கி நிற்கிறதாம், அதைத் தீர்த்துவிட வேண்டுமாம். மூன்று பேரும் வரவேண்டும் என்றாளாம். மூன்று என்று அவளே சொன்னாளா என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னாள் என்றார் மாஸ்டர்.

மே 10, சனி

பதினைந்து வருஷ பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்துவிட்டவள் அக்காதான். பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பச்சை லேபிளும், நடுத்தட்டுக் கோதுமையும் ஏற்கெனவே அங்கே இருந்தன. அவருடைய பட்டியல். நீல நோட்டும் இருந்தது.

டாக்டரும் மாஸ்டரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அடுக்களை வாசலில் நின்று கழுவுதொட்டியைக் காட்டினாள். அத்தான் கிளாஸ்கள், தூசியோடு. நான் போய்க் குழாயைத் திறந்தேன். அவள் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றாள். எதிரே ஜன்னல் கட்டை. கரியைச் சுரண்டி எடுத்திருக்கிறாள், மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, மறுபடி அலசிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வாங்கி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்ந்தாள், அவர் செய்வது போலவே. பிறகு தட்டில் வைத்தாள். அடியில் ஒட்டும் நம்பர் சீட்டைத் தானே ஒட்டினாள். ஒன்று. மூன்று. மறுபடி ஒன்று. மறுபடி மூன்று. ஏன் இரண்டை விடுகிறாள் என்று நினைத்தேன்.

கடைசியாகத்தான் இரண்டு. முகர்ந்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். சோப்பு இல்லை, எனக்குத் தெரியும். வாங்கித் திரும்பக் கழுவினேன். முகர்ந்தாள். மறுபடி நீட்டினாள். நான் மறுபடி கழுவினேன். கண் மறைத்தது. குழாய்ச் சத்தத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். மூன்றாம் தடவை கொடுத்தபோது வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு அதைத் தட்டில் வைக்காமல் பதினைந்து வருஷ பாட்டிலின் பக்கத்தில் வைத்தாள்.

"ஊத்து" என்றாள்.

ஏழு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் சொல். ஊற்றினேன்.